கழட்டியாரும் ஸ்குரூ இல்லாத பெட்டியும்

இலங்கையிலும் அதன் உச்சந்தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் எங்கள் தீவுகளிலும் கழட்டியார் கழற்றிப் பார்க்காத பொருள்கள் இரண்டே இரண்டுதான். ஒன்று காரைநகர்க் கரையில் கப்பல்களுக்கு வழிகாட்டும் வெளிச்ச வீடு. மற்றது அவருடைய மனைவி பவளமக்காவின் தையல் மெஷின். முதலாவதற்கு ஏணி எட்டவில்லை. இரண்டாவதற்குத் துணிவு எட்டவில்லை.

மற்றவை எல்லாம் கழன்றன. வள்ளத்து எஞ்சின்கள் கழன்றன. அது அவருடைய தொழில், குறை சொல்ல முடியாது. ஆனால் கோயில் ஒலிபெருக்கியும் கழன்றது. பெண்பிள்ளை வயதுக்கு வந்த சாமத்திய வீட்டு வாசலில் மின்னிக்கொண்டிருந்த விளக்கு மாலை, மின்னிக்கொண்டிருக்கும்போதே கழன்றது. திரும்பப் பூட்டியும் விடுவார். என்ன, பூட்டி முடிந்த பிறகு எப்போதும் இரண்டு ஸ்குரூ மிஞ்சும். "உது கம்பனிக்காரன் வடிவுக்குப் போட்டது" என்று சொல்லி அவற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அவர் தெருவில் வந்தால் சலங்கை கட்டிய ஆள் வருவதுபோலச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் எங்கள் கடைவீதியில் மிக்ஸி, மின்விசிறி, மணிக்கூடு எல்லாம் மேசைக்குக் கீழே போய்விடும்.

ஒருமுறை அனலைதீவில் ஒரு கலியாணத்துக்கு வள்ளத்தில் போனோம். மாப்பிள்ளையின் தகப்பன் தாலிக்கொடியை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் இருந்தார். நடுக்கடலில் கழட்டியார் காதைச் சாய்த்தார்.

"எஞ்சின் இருமுது" என்றார்.

"இல்லை, நல்லாத்தானே ஓடுது" என்றார் வள்ளக்காரர்.

"இருமுது. அடக்கி இருமுது. நிப்பாட்டும்."

நிறுத்தினார்கள். கழற்றினார். முகூர்த்தம் எங்கள் தலைக்கு மேலால் மெதுவாக நடந்து போய்க்கொண்டிருந்தது. நான் தெரிந்த கடவுளின் பெயர்களை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, தெரியாத கடவுளிடம் போய்க்கொண்டிருந்தபோது எஞ்சின் உறுமியது. முகூர்த்தம் முடிய ஐந்து நிமிடம் இருக்கத் தாலி ஏறியது. சாப்பாட்டுப் பந்தியில் கழட்டியார் என்னைப் பார்த்து, "நல்ல காலம் பிள்ளை, நான் வந்தனான்" என்றார்.

என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். நான் ஊர்காவற்றுறையில் போட்டோக் கொப்பிக் கடை வைத்திருப்பவள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பயப்படுவதற்கு ஒரு பல்கலைக்கழகம் இருந்திருந்தால் இன்றைக்குப் பேராசிரியை. கடையைப் பூட்டிவிட்டுப் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். வீட்டு வாசல்வரை போய், திரும்பி வந்து நாலாம் தரம் இழுத்துப் பார்ப்பேன்.

போட்டோக் கொப்பி பெயருக்குத்தான். என் உண்மையான தொழில் கல்வெட்டு. கல்லில் வெட்டுவதல்ல. எங்கள் பக்கத்தில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருகிறவர்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். அதற்குத்தான் கல்வெட்டு என்று பெயர். முன் அட்டையில் படம், உள்ளே தேவாரம், பிறகு வாழ்க்கை வரலாறு. அதில் எல்லாரும் உத்தமர்கள். கடைசியில் வம்சாவளி: பூட்டன் பூட்டியில் தொடங்கி, போன மாதம் பிறந்த பேரப்பிள்ளை வரைக்கும் கோடு கோடாக இறங்கி வரும். இடம்பெயர்ந்த காலத்தில் காணி உறுதி, பிறப்புப் பத்திரம், படங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிய குடும்பங்களுக்கு அந்தக் கடைசிப் பக்கம்தான் யார் யாருக்கு என்ன முறை என்று சொல்லும் ஒரே சாட்சி. அந்தப் புத்தகங்களைத் தட்டித் தட்டித்தான் நான் தமிழ் படித்தேன். ஆகவே இந்தக் கட்டுரையில் எங்காவது யாராவது தவறுதலாக இறைபதம் அடைந்துவிட்டால் மன்னித்துக்கொள்ளுங்கள். கைப்பழக்கம்.

கழட்டியார் காரைநகரிலிருந்து, 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் கடலைக் கடந்து என் கடைக்கு வருவார். எஞ்சின் படங்களைக் கொப்பி எடுக்க வருவதாகச் சொல்வார். வந்ததும் மேசையில் கிடக்கும் கல்வெட்டு ஒன்றை எடுத்து, நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய், விரலை வைத்து மேலிருந்து கீழே இழுப்பார். நடுவில் குத்தியிருக்கும் கம்பியைக் கழற்றத்தான் பார்க்கிறார் என்று நினைத்து நான் பறித்து அலுமாரியில் வைத்துவிடுவேன். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். அடுத்த முறை வரும்போது வேறொன்றை எடுப்பார். நான் பறிப்பேன்.

அவருக்குச் சொந்தம் என்று ஒருவரும் இல்லை. தகப்பன் சின்ன வயதில் யாருடையதோ வள்ளத்தில் காரைநகரில் வந்து இறங்கியவராம். எந்த ஊர் என்று கேட்டால் கடலைக் காட்டுவாராம். அதற்கு மேல் ஒரு சொல்லும் பேசமாட்டாராம். கழட்டியாரின் கலியாணத்தில் மாப்பிள்ளைப் பக்கத்துக் கதிரைகள் வெறுமையாக இருந்தபடியால், பவளமக்காவின் சித்தப்பாமாரில் நாலு பேரை எழுப்பி அந்தப் பக்கம் இருத்தினார்கள் என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது.

இனி அந்தப் பெட்டி. கனடாவிலிருந்து என் தம்பி ஒரு கணினி அனுப்பினான். வெள்ளி நிறம். தட்டையானது. தொட்டால் குளிரும். கழட்டியார் முதன்முதலில் அதைக் கண்டபோது, ஆமையைச் சுற்றும் நாயைப்போல மூன்று தரம் சுற்றி வந்தார்.

"பிள்ளை, உதிலை ஸ்குரூ எங்கை?"

"இல்லை அண்ணை. உது அப்பிடித்தான்."

"பின்பக்கம்?"

"பின்பக்கமும் இல்லை."

"அப்ப உதை ஆர் திறக்கிறது?"

"கம்பனிக்காரர்தான் திறக்கலாம்."

"அப்ப உது உம்மட சாமான் இல்லைப் பிள்ளை. கம்பனிக்காரன் தன்ர சாமானை உம்மட மேசையிலை இருத்தி வைச்சிருக்கிறான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும், எழுதியதை எல்லாம் கம்பனியின் மேகத்தில் ஏற்றி வைக்கும் என்று தம்பி சொல்லித் தந்ததை அப்படியே ஒப்புவித்தேன். கழட்டியார் வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார்.

"எங்கட மேகத்தை நம்பி விதைச்சே இந்தமுறை பயிர் கருகிப் போச்சு. நீர் கனடா மேகத்தை நம்புறீரோ?"

அவரிடமும் ஒரு கணினி இருந்தது. ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட கறுப்புப் பெட்டி. மூடியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். உள்ளே இதமான சூடு இருக்கும் என்பதால் ஒருநாள் கோழி அதற்குள் முட்டையிட்டுவிட்டதாகப் பவளமக்கா சத்தியம் செய்தார். அந்தப் பெட்டியில் ஓடுவது லினக்ஸ் என்று கழட்டியார் சொல்வார், தன் வீட்டில் ஒரு மந்திரி தங்கியிருக்கிறார் என்று சொல்வதுபோல.

"உள்ளுக்கு எழுதியிருக்கிறது முழுக்க ஆரும் பாக்கலாம் பிள்ளை. பிடிக்காட்டில் மாத்தலாம். மற்றவைக்கும் குடுக்கலாம்."

"உங்களுக்கு அதை வாசிக்கத் தெரியுமோ அண்ணை?"

"ஒரு சொல்லும் விளங்காது."

"அப்ப உங்களுக்கு என்ன பிரயோசனம்?"

"பூட்டேல்லையே. அதுதான் மரியாதை."

சந்தேகம் வந்தால் பிரேசிலில் இருக்கும் ஒரு மனிதரிடம் எழுதிக் கேட்பாராம். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. உடைந்த இங்கிலீசில் ஒருவர் கேட்பார், அதைவிட உடைந்த இங்கிலீசில் மற்றவர் பதில் எழுதுவார். இரண்டு உடைசலையும் பொருத்திக் கழட்டியார் வேலையை முடித்துவிடுவார். அதுதானே அவருடைய தொழில்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் பக்கத்து ஊரான சுருவிலில் பெரிய கந்தையர் காலமானார். கல்வெட்டு வேலையைக் கொண்டுவந்தவர் அவருடைய சித்தப்பாவின் மகன், சின்னக் கந்தையர். ஓய்வுபெற்ற விதானையார், அதாவது கிராம அலுவலர். அந்தக் குடும்பத்தில் பாட்டன் பெயரைப் பேரன்மாருக்கு வைக்கும் வழக்கம் கொஞ்சம் அளவுக்கு மிஞ்சிப் போயிருந்தது. தடுக்கி விழுந்தால் ஒரு கந்தையாவின் மேல்தான் விழ வேண்டும். ஆனால் எனக்குப் பயமில்லை. பெரிய கந்தையரின் தகப்பனுக்கும் முன்பு நான்தான் கல்வெட்டுச் செய்தேன். வம்சாவளி பெட்டிக்குள் இருக்கிறது. அதை எடுத்துப் புதிய பிள்ளைகளைச் சேர்த்தால் முடிந்தது. முப்பத்தோராம் நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

காலையில் வந்து பெட்டியைத் தட்டினேன். அது தானாகவே ஏதோ புதுப்பித்துக்கொண்டு, 'நீர் யார்?' என்று கேட்டது.

பல வருடம் ஒன்றாக இருந்துவிட்டு ஒருநாள் காலையில் நீர் யார் என்று கேட்டால் எப்படி இருக்கும்! கனடாவுக்கு அழைத்தேன்.

"அக்கா, அது என்ர பழைய ஈமெயில். பாஸ்வேட் மறந்து போச்சு" என்றான் தம்பி.

"புதுசு எடுக்கலாம் எண்டு போட்டிருக்கடா."

"எடுக்கலாம். அதுக்கு ஒரு இலக்கம் வரும். அது என்ர பழைய போனுக்குத்தான் போகும். அந்த நம்பரை விட்டு ஐஞ்சு வரியமாச்சு."

அவன் பிள்ளையின் பெயரைப் போட்டேன். மனைவியின் பெயரைப் போட்டேன். அவன் முதல்முதல் வாங்கிய சைக்கிளின் பெயரைக்கூடப் போட்டேன். கடைசியில் பெட்டி, இனித் தொடாதே என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பயந்தவள் என்றபடியால் எல்லாப் புத்தகங்களுக்கும் ஒரு பிரதி எடுத்துத் தனியாக ஒரு டிஸ்கில், பிஸ்கட் ரின்னுக்குள் வைத்திருந்தேன். ஆனால் அவை அந்தப் பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளில் மட்டும்தான் திறக்கும். பெட்டிக்குத் திறப்பு மேகத்தில். மேகத்துக்குத் திறப்பு தம்பியின் தலைக்குள். தம்பியின் தலைக்குத் திறப்பே இல்லை. சுருவில் வேலை ஒன்று மட்டும் என்றால் பரவாயில்லை. தீவுகளின் எத்தனையோ குடும்பங்கள் தங்கள் பூட்டன் பூட்டியை என்னை நம்பிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். சொன்னவர்களில் பாதிப்பேர் இன்று இல்லை. கையில் கொடுத்த புத்தகங்களும் வெள்ளத்திலும் கறையானிலும் போய்க்கொண்டிருந்தன, என் அலுமாரியில் மிஞ்சியதும் ஒரு சிலதான். எல்லாரையும் நான் ஒரு வெள்ளிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பைக் கடலில் எறிந்துவிட்டதுபோல் இருந்தது.

பிரஷர் பார்க்கும் மெஷினைக் கையில் கட்டிப் பார்த்தேன். எழுபதுக்கு நாற்பது என்றது. கழட்டியார் போன மாதம் திறந்து 'சரிபார்த்த' மெஷின். அதன் கணக்குப்படி நான் செத்து மூன்று நாள்.

வேறு வழியில்லாமல் அவருக்கே போன் எடுத்தேன்.

"அண்ணை, பெட்டி பூட்டிப்போட்டுது."

"கம்பனிக்காரன் தன்ர சாமானை எடுத்திட்டான். நீர் பயப்பிடாதையும். பிஸ்கட் ரின் இருக்கோ?"

"இருக்கு."

"அதைப் பிடிச்சுக்கொண்டு இரும். வாறன்."

அடுத்த பாதையில் வந்து இறங்கினார். கறுப்புப் பெட்டி உரப்பைக்குள் இருந்தது. பாதையில் அவரைச் சுற்றி ஐந்தடிக்கு ஒருவரும் நிற்கவில்லையாம், நடுக்கடலில் எதையாவது திறந்துவிடுவார் என்ற பயத்தில்.

மேசையில் பெட்டியை வைத்து, உள்ளே கிடந்த ஒரு கோழி இறகை ஊதிவிட்டு, என் டிஸ்கைச் செருகினார். புத்தகங்களின் பட்டியல் வரிசையாக வந்தது. எனக்கு மூச்சும் வந்தது.

"உந்தக் கம்பனிப் புத்தகத்தை உது எப்பிடி அண்ணை திறக்கும்?"

"உலகத்திலை எங்கையோ நாலு பேர் குந்தியிருந்து, கம்பனிக்காரன் பூட்டினதைத் திறக்க வழி கண்டுபிடிச்சு, எல்லாருக்கும் சும்மா எழுதி வைச்சிருக்கினம். ஆரெண்டு தெரியாது. நல்லா இருக்கட்டும்."

திறந்தார். பெரிய கந்தையரின் தகப்பன் சிரித்துக்கொண்டு வந்தார். அவருக்குக் கீழே பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இங்கிலீசு எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஏதோ குப்பை கொட்டிக் கிடந்தது.

"ஐயோ! அந்த மனிசனை வெள்ளைக்காரன் ஆக்கிப்போட்டியளே!"

"கத்தாதையும். நீர் பழைய காலத்து எழுத்திலை தட்டியிருக்கிறீர். அந்த எழுத்து இவனுக்குத் தெரியாது. சொல்லிக் குடுத்தால் படிப்பான்."

பிரேசிலுக்கு எழுதினார். பதில் வந்தது. பிற்பகலில் இங்கிலீசுக் குப்பை ஒரு கொட்டாவி விட்டதுபோலக் கலைந்து, தமிழாக எழுந்து நின்றது. பூட்டன், பூட்டி, பேரன், பேத்தி ஒருவரும் குறையவில்லை. நான் அழுதேன். கழட்டியார் அதைக் காணாதவர்போல என் ஸ்ரேப்ளரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் பிழை விட்டோம். பழைய வம்சாவளியில் பெரிய கந்தையர் உயிரோடு இருந்தார். இப்போது அவர் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று போட வேண்டும். சின்னக் கந்தையர் தந்த நன்றியுரையையும் தட்டிச் சேர்த்துவிட்டு, நான் ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்கினேன்.

"ஏன் பிள்ளை கஷ்டப்படுறீர்? கந்தையா எண்டு வாற இடம் எல்லாத்தையும் ஒரேயடியாய் அமரர் கந்தையா எண்டு மாத்தலாம். ஒரு தட்டு."

தட்டினார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எத்தனை கந்தையா என்று யோசிக்க என் புத்திக்கு நேரமிருக்கவில்லை.

அடுத்தநாள் சின்னக் கந்தையர் பிழை பார்க்க வந்தார். விதானையாராக இருந்த கை. ஒவ்வொரு வரியின் கீழும் பேனையைப் பிடித்து வாசிப்பவர். வாசித்துக்கொண்டே வந்தவர் நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மீண்டும் வாசித்தார்.

"பிள்ளை."

"ஓம் ஐயா."

"நான் எப்ப செத்தனான்?"

நான் தாளை எட்டிப் பார்த்தேன். அவர் தொடர்ந்தார்.

"வம்சாவளியிலை நான் அமரர். சரி, பொறுக்கலாம். நன்றியுரை: அமரர் கந்தையா. செத்த ஆள் எழும்பி நன்றி சொல்லுறார். அதையும் விடுவம். பின் அட்டையைப் பாரும். தொடர்புகளுக்கு, அமரர் கந்தையா எண்டு என்ர ரெலிபோன் நம்பரையும் போட்டிருக்கிறீர். ஆராவது எடுத்தால் நான் என்னெண்டு கதைக்கிறது? மேலையிருந்தோ?"

மேசைக்குக் கீழே வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கழட்டியார் தலையை நீட்டினார்.

"கவலைப்படாதையுங்கோ விதானையார். உது திறந்த சாமான். உதிலை செத்த ஆளையும் எழுப்பலாம்."

எழுந்து ஒரு தட்டுத் தட்டினார். எல்லா அமரரும் ஒரே நேரத்தில் மறைந்தார்கள்.

"எழும்பியாச்சு."

சின்னக் கந்தையர் திரையைப் பார்த்தார். அவர் உயிரோடு இருந்தார். அவருக்குப் பக்கத்துக் கோட்டில் அவருடைய அண்ணரும் உயிரோடு இருந்தார். அமரர் இல்லாமல், வெறும் கந்தையாவாக, பழையபடி. பிறகு சின்னக் கந்தையரின் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்க ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணர் இருந்திருந்தால் உதுக்கு ரெண்டு நாள் சிரிச்சிருப்பார்" என்றார். "சரி பிள்ளை. இப்ப அவரை மட்டும் பாத்து மெதுவாய் எடும்."

புத்தகம் யாழ்ப்பாணத்து அச்சகத்துக்குப் போய், முப்பத்தோராம் நாளுக்கு முதல் நாளே சுருவிலுக்கு வந்துவிட்டது. அதில் புதிதாக ஒரேயொரு கந்தையாதான் காலமாகியிருந்தார்.

அதன் பிறகு கறுப்புப் பெட்டி என் மேசையிலேயே தங்கிவிட்டது. முதல் சில வாரம் இன்னொருத்தியின் குசினியில் சமைப்பதுபோல் இருந்தது. உப்பைத் தேடினால் சீனி வரும். பிரின்ரர் இரண்டு நாள் பேச மறுத்தது. பிரேசில்காரர்தான் சமாதானம் செய்து வைத்தார். ஆனால் பழகிவிட்டது. கழட்டியார் மற்றப் புத்தகங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, புது எழுத்துக்கு மாற்றி, எந்தக் கணினியிலும் எவரும் வாசிக்கக்கூடிய மாதிரி வைத்தார். கிழமைக்கு மூன்று நாள் வந்தார். சம்பளமாக என் சுவர் மணிக்கூட்டைக் கழற்ற அனுமதி கேட்டார். கொடுத்தேன். அது இப்போது பின்னோக்கி ஓடுகிறது.

கடைசிப் புத்தகமும் முடிந்த அன்று அவர் போகவில்லை. கதிரையில் இருந்தபடி சட்டைப்பையிலிருந்து இரண்டு ஸ்குரூவை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார்.

"பிள்ளை, இப்ப எல்லாப் புத்தகத்துக்குள்ளையும் ஒரேயடியாய் ஒரு பேரைத் தேடலாம். தெரியுமோ?"

"ஓம் அண்ணை. நீங்கள்தானே காட்டித் தந்தனியள்."

"அப்ப ஒருக்கால், நாகநாதி எண்டு போட்டுப் பாரும்."

"ஆர் அண்ணை அது?"

"என்ர ஐயா. என்னைப் பெத்தவர்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை வருடமாக அவர் விரல் தேடியது கம்பியை அல்ல.

தட்டினேன். நாலு நாகநாதி வந்தார்கள். முதல் மூவரும் பெண்சாதி பிள்ளைகளோடு வாழ்ந்து, வயதுபோய் ஊரிலேயே கண்மூடியவர்கள். நாலாவது நெடுந்தீவுப் புத்தகம் ஒன்றில் இருந்தது. கதிரித்தம்பியின் பிள்ளைகள் இருவர். மூத்தவள் பொன்னம்மா. அவளுக்குக் கீழே கணவன், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு படையே இறங்கியது. இளையவன் நாகநாதி. அவனுக்குக் கீழே கோடில்லை. பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும்.

அந்தக் கேள்விக்குறியைத் தட்டியவள் நான். பொன்னம்மாவின் மகள் வந்து, தன் தகப்பனின் கல்வெட்டுக்காக இந்தக் கதிரையில் இருந்து சொன்னது நினைவுக்கு வந்தது: "மாமா சின்னனிலை ஆரின்ரையோ வள்ளத்திலை ஏறிப் போனவராம். பேந்து வரேல்லை. இருக்கிறாரோ இல்லையோ தெரியாது. அமரர் எண்டு மட்டும் போடாதையுங்கோ, அம்மா தாங்கமாட்டா. ஒரு கேள்விக்குறி போட்டுவிடுங்கோ."

அந்தப் புத்தகம் என் அலுமாரியிலேயே இருந்தது. கழட்டியார் எத்தனை தரம் அதைக் கையில் எடுத்தாரோ, எத்தனை தரம் நான் பறித்து வைத்தேனோ தெரியாது.

"ஐயா கையெழுத்து வைக்கேக்கை முன்னுக்குக் 'க' எண்டு போடுவார்" என்றார் கழட்டியார். "காய்ச்சல் வந்தால் பொன்னக்கா, பொன்னக்கா எண்டு அனத்துவார். ஆரெண்டு அம்மாவுக்கும் தெரியாது."

அவர் எதையும் கழற்றவில்லை. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். அவரை அப்படி நான் கண்டதில்லை. எனக்குப் பயம் பிடித்தது. இவர் ஆசையோடு போய், அவர்கள் இல்லை என்றுவிட்டால்?

"அண்ணை, இது வேற நாகநாதியாய் இருந்தால்?"

"இருந்தால் என்ன? திரும்பப் பூட்டிப்போட்டு வாறன்."

இரண்டு நாள் கழித்து அவரும் பவளமக்காவும் குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகு ஏறினார்கள். அன்று காற்று. நான் கடையில் இருந்தபடியே அந்தப் படகை அலைக்கு அலை தள்ளிக்கொண்டிருந்தேன். மத்தியானம் தாண்டிப் பவளமக்காவின் போன் வந்தது. பின்னால் மாடுகளும் மனிதர்களும் ஒரே நேரத்தில் கத்தும் சத்தம்.

"பிள்ளை, பொன்னம்மா மாமி இருக்கிறா! தொண்ணூறு தாண்டிட்டா. கண் தெரியாது. இவற்ர மூக்கைத் தடவிப் பாத்திட்டு, 'இவ்வளவு நேரமும் எங்கையடா போனனி?' எண்டு கேட்டா."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அண்ணை எங்கை அக்கா?"

"கிணத்தடியிலை. அவையின்ர தண்ணிப் பம்பைக் கழட்டிப்போட்டார். மச்சான்மார் நாலு பேர் சுத்தி நிண்டு கோவத்திலை பேசுகினம். 'பேசுங்கோ, நல்லாப் பேசுங்கோ' எண்டு இவர் சிரிச்சுக்கொண்டு இருக்கிறார்."

இப்போது மாதத்தில் பாதி நாள் அவர் நெடுந்தீவில். அங்கே ஒரு வாசிகசாலையில் தூங்கிக்கொண்டிருந்த கணினிகளைக் கழற்றி, லினக்ஸ் ஏற்றி, எழுப்பிக்கொண்டிருக்கிறாராம். நேற்றுப் பேசியபோது, ஐந்தில் நாலு எழும்பிவிட்டது, ஐந்தாவதற்குப் பிரேசிலுக்கு எழுதியிருக்கிறேன் என்றார். வெள்ளிப் பெட்டியும் என் கடையில்தான் இருக்கிறது. நல்ல பளபளப்பு. கொப்பி எடுக்க வரும் பெண்கள் அதில் பொட்டுச் சரிபார்த்துக்கொள்கிறார்கள்.

நெடுந்தீவு வம்சாவளியைத் திறந்து, அந்தக் கேள்விக்குறியை அழித்தேன். நாகநாதிக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, கழட்டியாரின் சொந்தப் பெயரைக் கேட்டுத் தட்டினேன். அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினாலும் எங்கள் ஊரில் ஒருவருக்கும் அது யாரென்று தெரியாது.

கடையைப் பூட்டிவிட்டு இன்றைக்கும் மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறேன். ஆனால் உள்ளே அந்தக் கறுப்புப் பெட்டிக்கு மட்டும் நான் மூடி போடுவதில்லை. உப்புக் காற்றில் கறள் பிடிக்குமோ, பல்லி போய் மாட்டிக்கொள்ளுமோ என்று நாள் முழுக்கப் பயம்தான். இருந்தாலும் மத்தியானப் பாதையில் அந்த மனிதர் திடீரென்று வந்து இறங்கி, பெட்டி மூடியிருக்கக் கண்டால் முகம் வாடிப்போகுமே. எனக்கு அந்தப் பயம்தான் பெரிது.